ஏழு மணி ஜெபமும் அதற்குள் வரும் சிரிப்பும்

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளுக்குச் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் போன் போட்டால் பெரும்பாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். குடும்ப ஜெபம் நடக்கிற நேரம் அது. முன்னறையில் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் பாயை விரித்து, பாட்டி முதல் எல்.கே.ஜி. பிள்ளை வரை உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த வீடுகளில் வளர்ந்தவர்களிடம் அந்த ஜெபத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது சிரிப்புக் கதைதான். யாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, யார் யாரைக் கிள்ளியது, கடைசியில் அடி வாங்கியது யார். பெரியவர்கள் சிலர் இதைப் பக்திக் குறைவு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு குடும்பம் உண்மையிலேயே சேர்ந்து உட்கார்ந்து ஜெபிக்கிறது என்பதற்கு அந்தச் சிரிப்பைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. ஜெபமே செல்போனுக்குள் போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் எனக்குக் கவலை தருவதும் அந்தச் சிரிப்பு குறைவதுதான்.

ஜெபமாலையின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் புரியும். தொடக்கத்தில் மூன்று, அப்புறம் ஐந்து பத்துகள், ஆக மொத்தம் 53 முறை ‘அருள் நிறைந்த மரியே’. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும். சின்ன அறை, பசிக்கிற நேரம், அதே வரிகள் திரும்பத் திரும்ப, கூடவே சிரிக்கக் கூடாது என்ற கண்டிப்பு. பிள்ளைகளுக்குச் சிரிப்பு வர வேறென்ன வேண்டும்? மூன்றாம் பத்து அம்மாவின் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். “அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே… மூணு விசில் ஆச்சு மக்களே, அடுப்பை அணை… பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே.” குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. மாதாவுக்குச் சொன்னதும் மகனுக்குச் சொன்னதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். பாட்டி இன்னும் பழைய ஜெபத்தைத்தான் சொல்வார்: ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’. அது கொஞ்சம் நீளம். எல்லோரும் முடித்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் பாட்டியின் ‘ஆமென்’ வரும். அந்த ஆமெனுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அது வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பார்த்தால் போச்சு.

கடைசியில் மாதா பிரார்த்தனை. லொரேத்தோ பிரார்த்தனை என்று பெயர் பெற்ற இதை 1587இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அங்கீகரித்தார். ‘தாவீது அரசரின் கோபுரமே’, ‘தந்த மயமான கோபுரமே’, ‘விடியற்கால விண்மீனே’ என்று மாதாவின் பட்டங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில். இந்த இடத்தில் கடைக்குட்டி சுவரில் சாய்ந்து தூங்கிவிடும். ஆனாலும் வாய் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். பிரார்த்தனை முடிந்து அப்பா வேறு ஜெபத்துக்குப் போன பிறகும், தூக்கத்திலிருந்து ஒரு ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ தனியாகக் கேட்கும்.

இதையெல்லாம் தாண்டி, குடும்ப ஜெபத்தின் உயிர் சொந்த மன்றாட்டில் இருக்கிறது. ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லலாம். மற்ற எல்லோரும் ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று சேர்ந்து சொல்ல வேண்டும். திருப்பலியில் (பூசையில்) வழக்கொழிந்து கிடந்த விசுவாசிகள் மன்றாட்டை, அதாவது எல்லோரும் சேர்ந்து பல தேவைகளுக்காக வேண்டுவதை, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பு மீட்டுக் கொடுத்தது. வீட்டு மன்றாட்டும் அதே அச்சில்தான் நடக்கிறது. நேருக்கு நேர் பேச முடியாததை ஆண்டவர் வழியாகப் பேச வீட்டில் இதைவிடத் தோதான இடம் இல்லை. “ஆண்டவரே, இந்த வீட்டில் யார் சமைத்தாலும் குறை சொல்லாமல் சாப்பிடும் மனதைத் தாரும்” என்று மருமகள் வேண்டுவாள். மாமியாரும் சேர்ந்து ‘கேட்டருளும்’ என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்தது மாமியாரின் முறை: “ஆண்டவரே, மீன் கறிக்கு எவ்வளவு புளி விட வேண்டும் என்ற ஞானத்தை எல்லோருக்கும் தாரும்.” மருமகளும் ‘கேட்டருளும்’. பத்தாம் வகுப்புப் பையன், அப்பாவுக்குக் கோபம் குறைய வேண்டும் என்று மன்றாடுவான். அப்பா, பிள்ளைகள் புத்தகத்தைக் கையால் தொடும் வரம் கேட்பார்.

இதை வெறும் குத்தல் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. குத்தல் பேச்சில் பதில் பேச்சு வரும், சண்டை வரும். இங்கே குறை சொல்லப்பட்டவரே அந்தக் குறை தீர வேண்டும் என்று எல்லோரோடும் சேர்ந்து கடவுளிடம் கேட்கிறார். பாதியில் எழுந்து போகவும் முடியாது. ஜெபம் முடிந்து சோறு போடும்போது புளி விஷயம் பாதி ஆறியிருக்கும். மீதிப் பாதிக்குச் சிரிப்பு போதும். இவ்வளவு செலவில்லாத சமாதானப் பேச்சுவார்த்தை வேறெந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஜெபத்தில் பிள்ளைகள் பெரியவர்களைத் திருத்துவதும், பெரியவர்கள் அதற்குக் கோபப்படுவதும் இந்தப் பக்கத்தில் புதிதல்ல. 1540களில் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறையில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, முதலில் சிறுபிள்ளைகளுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1544இன் இறுதியில் அவர் திருவிதாங்கூர் கடற்கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவர் கடிதத்தில் இருக்கிறது. அத்தனை பேருக்கும் உபதேசம் சொல்லக் குருக்கள் எங்கே? பிள்ளைகள்தான். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்து “பாட்டி, நீங்க சொல்றது தப்பு, இப்போ இப்படித்தான்” என்று சொல்லும் இன்றைய ஐந்தாம் வகுப்புப் பேத்திக்கு ஏறக்குறைய 480 வருடப் பாரம்பரியம் பின்னால் இருக்கிறது.

முன்னறைப் படத்துக்கு அவ்வளவு வயது இல்லை. திருஇருதயப் படத்தை வீட்டில் அரியணையேற்றும் பழக்கத்தை 1907 முதல் உலகமெங்கும் பரப்பியவர் பெரு நாட்டைச் சேர்ந்த மத்தேயோ கிராலி என்ற குரு. எங்கள் பக்கம் அதன் முன்னால் எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு வீட்டுக்கு வீடு உண்டு. அதற்குப் பக்கத்தில் பல வீடுகளில் ‘சேர்ந்து ஜெபிக்கும் குடும்பம் சேர்ந்து வாழும்’ என்ற வாசகம் சட்டம் போட்டுத் தொங்கும். பைபிள் வசனம் என்று நினைத்திருப்பவர்களும் உண்டு. 1942இல் அமெரிக்காவில் குடும்ப ஜெபமாலை இயக்கத்தைத் தொடங்கிய பாட்ரிக் பெய்டன் என்ற அயர்லாந்துக் குருவுக்காக, அல் ஸ்கல்போன் என்ற விளம்பர எழுத்தாளர் எழுதிக்கொடுத்த வாசகம் அது. 1947இல் ரேடியோ நிகழ்ச்சியில் முதன்முதலாக ஒலிபரப்பானது. புதிய ஊடகம் வந்து ஜெபத்தைக் கெடுத்துவிட்டது என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைத்த அந்த வாசகமே ரேடியோ வழியாக வந்ததுதான்.

இந்த எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு அது எளிதில் புரியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்தோலிக்கர்கள் மூன்று வழிபாட்டு முறைகளில் இருக்கிறார்கள். லத்தீன் முறைக்கு 1930இல் உருவான கோட்டாறு மறைமாவட்டம், அதிலிருந்து 2014 டிசம்பரில் பிரிந்த குழித்துறை மறைமாவட்டம். சீரோ மலபார் முறைக்குத் தக்கலை, சீரோ மலங்கரை முறைக்கு மார்த்தாண்டம், இரண்டும் 1996இல் உருவானவை. மூவருக்கும் ஒரே திருத்தந்தை, ஒரே விசுவாசம். பூசையும் நாட்காட்டியும் மட்டும் வேறு வேறு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் மற்ற தாலுகாக்களோடு திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கோடு விழுந்ததே தவிர, கேரளப் பக்கம் நின்றுவிட்ட பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. அதனால் ஒரே வீட்டுக்குள் இரண்டு முறைகள் வந்து சேர்வது சாதாரணம்.

வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தவக்காலத் தொடக்கத்தில் பார்க்க வேண்டும். லத்தீன்காரர்களுக்குச் சாம்பல் புதன் அன்றுதான் நோன்பு தொடங்கும். மலபார், மலங்கரைக்காரர்களுக்கு அதற்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமையே தொடங்கிவிடும். மலங்கரை வீட்டிலிருந்து வந்த மருமகள் திங்கள் காலையிலேயே மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். லத்தீன் மாப்பிள்ளைக்கோ திங்களும் செவ்வாயும்தான் கடைசி வாய்ப்பு. மரச்சீனி அவித்து மாட்டிறைச்சி வறுவலோடு அவர் உட்காரும்போது, எதிரில் மனைவி கஞ்சியும் பயறும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருப்பதுதான் அவருக்குத் தாங்காது. டிசம்பரிலும் இதே கதை. கிழக்கு முறையினரான மலபார், மலங்கரைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் இருபத்தைந்து நாள் நோன்பு இருப்பார்கள். கேரல் பாட வரும் பையன்களுக்குக் கேக் வெட்டுகிற வீட்டில், ஒருவர் பங்கு மட்டும் 25ஆம் தேதி வரைக்கும் ஃபிரிட்ஜில் இருக்கும். அதைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு தனி நோன்பு.

பிள்ளைகள் எந்த முறையில் சேரும் என்பதற்குத் திருச்சபைச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: பொதுவாகத் தகப்பன் முறை, இருவரும் மனமொத்தால் தாயின் முறையிலும் சேர்க்கலாம். ஆனால் சித்தப்பா பிள்ளையும் மாமா பிள்ளையும் வேறு வேறு முறையில் வளரும்போது வரும் கேள்விகளுக்குச் சட்டத்தில் பதில் இல்லை. மலங்கரை முறையில் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) மூன்றையும் கைக்குழந்தைக்கே சேர்த்துக் கொடுப்பது வழக்கம். லத்தீன் பிள்ளை மூன்றாம் நான்காம் வகுப்பு வரை காத்திருந்து, ஜெபமெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்த பிறகுதான் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்க முடியும். “அவனுக்குப் பல்லே முளைக்கல்ல. அவனுக்குக் குடுத்தாச்சு. எனக்கு மட்டும் ஏன் பரீட்சை?” அந்தக் கேள்வியைக் கேட்டு வீடே சிரிக்கும். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நற்கருணை புரிந்துகொண்டவருக்குக் கிடைக்கும் பரிசா, எல்லோருக்கும் கிடைக்கும் உணவா என்று கிழக்கும் மேற்கும் நூற்றாண்டுகளாக யோசித்து, ஆளுக்கொரு வழியில் போன இடம் அது. அதைப் பாயில் உட்கார்ந்து ஒரு எட்டு வயதுப் பிள்ளை தொட்டுவிடுகிறது என்றால் அது இந்த ஊரில் மட்டும் நடக்கக்கூடியது.

சிரிப்பைத் திருச்சபை சந்தேகத்தோடு பார்க்கிறது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. உண்மை வேறு. 2024 ஜூன் 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பல நாடுகளிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துச் சந்தித்தார். கடவுளைப் பார்த்தும் சிரிக்கலாம், நாம் நேசிக்கிறவர்களோடு விளையாடுகிற மாதிரி அது தெய்வ நிந்தனை ஆகாது என்று அவர்களிடம் சொன்னார். 1535இல் தலை வெட்டப்பட்டு இறந்த புனித தாமஸ் மூரின் பெயரில் வழங்கும் ஒரு ஜெபத்தைத் தினமும் சொல்வதாகவும் அவர் கூறியிருக்கிறார். ‘ஆண்டவரே, நல்ல ஜீரண சக்தியைத் தாரும், ஜீரணிக்க ஏதாவது உணவையும் தாரும்’ என்று தொடங்கும் அந்த ஜெபம், நகைச்சுவை உணர்வையும் வரமாகக் கேட்கிறது. எங்கள் வீட்டு மன்றாட்டுகளோடு அதைச் சேர்த்துச் சொன்னால் வித்தியாசமே தெரியாது.

நகைச்சுவைக் கலைஞர்களைச் சந்திப்பதற்கு இரண்டு நாள் முன்னால்தான், ஜூன் 12 அன்று, அவர் இன்னொன்றும் சொன்னார்: மறையுரை எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள். அந்தச் செய்தி எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பறந்த வேகத்துக்கு வேறெந்தத் திருத்தந்தை அறிக்கையும் பறந்ததில்லை. யாரும் அதைப் பங்குத்தந்தைக்கு நேரே அனுப்பவில்லை. பங்குத்தந்தையும் இருக்கும் அன்பியக் குழுவில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த குழுவில், போட்டுவிட்டார்கள். இதுவும் மன்றாட்டு மாதிரித்தான்.

சரி, போனுக்கு வருவோம். 2020 மார்ச்சில் கோவில்கள் அடைபட்டபோது திருப்பலி டிவிக்கும் யூடியூபுக்கும் வந்தது. மாதா டிவியில் தமிழ்ப் பூசை, ஷாலோம் டிவியில் மலையாளப் பூசை என்று எல்லை வீடுகளில் இரண்டும் ஓடின. அப்போது அது குடும்ப நிகழ்ச்சியாகத்தான் இருந்தது. டிவிக்கு முன்னால் முழங்கால் போட வேண்டுமா, கட்டிலில் இருந்தபடியே பார்க்கலாமா, நடுவில் சாயா குடிக்கலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் விவாதம் நடந்தது. பாட்டிமார் முழங்கால் போட்டார்கள். மற்றவர்கள் வெட்கப்பட்டு இறங்கி உட்கார்ந்தார்கள். நோயாளிகளுக்கும் வெளியே வர முடியாதவர்களுக்கும் டிவி பூசை பெரிய ஆறுதல். நடமாடக் கூடியவர்களுக்கு அது ஞாயிறு கடமையை நிறைவேற்றாது என்பதுதான் திருச்சபையின் நிலைப்பாடு.

பிறகு கோவில் திறந்தது. ஆனால் ஜெபம் ஆளுக்கொரு போனில் தங்கிவிட்டது. அம்மா காதில் மாட்டிக்கொண்டு இறை இரக்க ஜெபமாலை கேட்கிறார். மகள் இன்ஸ்டாகிராமில் அருட்தந்தை ஒருவரின் ஒரு நிமிட வீடியோ பார்க்கிறாள். அப்பா குழுவில் வரும் வசனப் படங்களுக்குக் கைகூப்பும் எமோஜி போடுகிறார். பதிவு செய்த பூசையில் மறையுரை வந்ததும் தள்ளி விடலாம். எல்லோரும் ஜெபிக்கிறார்கள், முன்பைவிட அதிகமாகவே இருக்கலாம். ஆனால் குக்கர் விசில் யாருடைய ஜெபத்தையும் குறுக்கிடுவதில்லை. பாட்டியின் ஆமென் தாமதமாக வருவது யாருக்கும் தெரிவதில்லை. புளி விஷயத்தை ஆண்டவரிடம் ஒப்படைக்க ஆளில்லை.

இதோடு சேர்ந்து வந்த ‘இந்த ஜெபத்தைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பு, நாளைக்குள் அற்புதம் நடக்கும்’ வகைச் செய்திகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஜெபத்தின் பலன் உள்ளத்தை விட்டுவிட்டு வெறும் வெளிச் செயலில் இருக்கிறது என்று நம்புவது மூடநம்பிக்கையில் விழுவது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2111ஆம் எண்ணில் சொல்கிறது. பன்னிரண்டு பேருக்கு அனுப்புகிற நேரத்தில், பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிட்டு ஒரு பத்து சொல்லலாம்.

போனையே பழி சொல்வதும் நியாயமில்லை. 2006இல் 15 வயதில் இறந்த கார்லோ அகுதிஸ், நற்கருணை அற்புதங்களைப் பற்றி இணையதளம் செய்த பையன். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். எங்கள் ஊர் நட்டாலத்தில் பிறந்து 1752இல் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தேவசகாயமும் 2022இல் புனிதரானவர். இல்லறத்தார், மனைவி ஞானப்பூவும் அவரோடு விசுவாசத்துக்கு வந்தவர். தேவசகாயம், கார்லோ இருவர் படமும் இப்போது ஒரே சுவரில் இருக்கிறது, ஒருவர் சங்கிலியோடு, ஒருவர் ஜீன்ஸோடு. எந்தக் கருவியைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைவிட, யாரோடு சேர்ந்து ஜெபிக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

அதற்கு வளைகுடா போன பிள்ளைகளின் வீடுகளைப் பார்த்தாலே போதும். துபாயிலும் மஸ்கட்டிலும் ஆள் இருக்கும் குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். பல வீடுகளில் ஏழு மணிக்குப் போனைத் திருஇருதயப் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்து வீடியோ காலில் அங்கே இருக்கும் மகனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவனுக்கு அங்கே ஐந்தரை மணி, வேலை உடுப்பைக்கூட மாற்றியிருக்க மாட்டான். நான்காம் பத்து அவன் முறை. நெட்வொர்க் தாமதத்தில் அவன் முதல் பாதியை முடிப்பதற்குள் இங்கே இரண்டாம் பாதி தொடங்கிவிடும். இங்கே ஆமென் சொன்ன பிறகு அங்கே இரண்டாம் பாதியின் தொடக்கமான ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ கேட்கும். படம் உறைந்து, வாய் பாதி திறந்தபடி அவன் நின்றுவிடுவான். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அம்மா. கடைசியில் படம் அசைந்து, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அவனும் சிரிப்பான். 2020 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் மாதா பிரார்த்தனையில் புதிதாக மூன்று பட்டங்களைச் சேர்த்தார். அதில் ஒன்று ‘புலம்பெயர்ந்தோரின் ஆறுதலே’. அந்த வரி வரும்போது இங்கே யாரும் அவசரப்படுவதில்லை. அவனுடைய ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ வந்து சேர்ந்த பிறகுதான் அப்பா அடுத்த வரிக்குப் போகிறார்.